காவலாளி ஓடி வந்தால்

கட்டடத்தைப் படமெடுக்குமுன் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பொது நடைபாதை வேறு. வளாகத்துக்குள் உரிமையாளர் வைத்ததுதான் சட்டம். ராணுவ இடம், அணு உலை என்றால் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

ஒருமுறை கண்ணாடிக் கோபுரம் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். காவலாளி ஓடி வந்து உள்ளங்கையால் லென்ஸை மறைத்தார். "அழிங்க சார்!" நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். "கண்ணாடியில மேகம் விழுதுல்ல, அதைத்தாண்ணே எடுக்கிறேன்." குரல் தணிந்தது. பாவம், அவர் வேலை அவருக்கு. ஆனாலும் நான் அழிக்கவில்லை. நெருக்கடியில் அழித்துவிட்டால், அந்த மெமரி கார்டில் அடுத்த படம் எடுக்காதீர்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

படத்தை விற்பதற்கென்றால் கட்டடத்தின் பதிப்புரிமையும் பாருங்கள். 1889-இல் திறந்த ஈஃபில் கோபுரத்தின் பதிப்புரிமை முடிந்துவிட்டது, பகல் படத்துக்குத் தடையில்லை. இரவு விளக்கலங்காரத்துக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு, வணிகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும்.