தொங்கிப்போன வேன் கதவை வீட்டிலேயே தூக்கிவிடுவது எப்படி?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ரோடுகளில் வேன் ஓட்டினால் டிரைவர் பக்கக் கதவு சீக்கிரம் தொங்கிவிடும். சரிவில் முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால், லொக்கை எடுத்ததுமே கதவு ஓடிப்போய்த் திறந்து இடிக்கும். ஏறும்போதும் கதவைப் பிடித்துத்தான் ஏறுகிறோம். அந்தப் பாரம் முழுவதும் கதவை வண்டியோடு இணைக்கும் பிணைச்சலில் (கீலில்) விழுகிறது.

கதவு மூட மறுத்தால் பலர் கதவுக்குப் பின்னால் வண்டியின் தூணில் இருக்கும், லொக் மாட்டும் கொக்கியைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கதவு மூடும், ஆனால் தொங்கல் அப்படியே இருக்கும். ரப்பர் சரியாகப் படியாமல் மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

முதலில் வேனைச் சமமான இடத்தில் நிறுத்துங்கள். நம் ஊரில் அது கிடைப்பது கஷ்டம், ஆனாலும் தேடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கதவைப் பாதி திறந்து, லொக் பக்க நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இன்னொருவர் பிணைச்சலைக் கவனிக்கட்டும். பிணைச்சல் தகடு முன்பக்கத் தூணிலிருந்து நகர்ந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. தகடு அசையாமல் நடு ஆணி ஆடினால் ஆணியும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. தூணின் தகரமே அசைந்தால் துருப்பிடித்து வெடித்திருக்கிறது. அதற்கு வெல்டிங் வேண்டும், கராஜுக்குத்தான் போக வேண்டும்.

போல்ட் தளர்வு என்றால் வேலை சுலபம். பிணைச்சலைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். கொக்கி இருக்கும் இடத்தையும் குறித்துவிட்டு அதைக் கழற்றுங்கள், அப்போதுதான் கதவு எந்தப் பிடியும் இல்லாமல் நிற்கும் நிலை தெரியும். லொக் பக்க நுனிக்குக் கீழே ஜாக்கை வைத்து, மேலே பலகையும் மடித்த துணியும் போடுங்கள். மேல் பிணைச்சலின் போல்ட்களை மட்டும் அரைச்சுற்று தளர்த்தி, ஜாக்கை மெதுவாக ஏற்றுங்கள். இங்கே அவசரம் கூடாது. பிணைச்சல்களுக்கு நடுவே 40 சென்டிமீட்டர், கதவின் நீளம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் பிணைச்சல் 2 மில்லிமீட்டர் நகர்ந்தாலே நுனி 5 மில்லிமீட்டர் எழுந்துவிடும். இறுக்குங்கள், ஜாக்கை இறக்குங்கள், கதவை மெல்லச் சாத்தி இடைவெளியைப் பாருங்கள். எனக்கு எப்போதும் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

ஆணி தேய்ந்திருந்தால் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கதவை ஜாக்கில் தாங்கவைத்து, ஒரு நேரத்தில் ஒரு பிணைச்சலின் ஆணியை மட்டும் தட்டி எடுங்கள். இரண்டையும் சேர்த்து எடுத்தால் கதவு கழன்று காலில் விழும். பழைய ஆணியைப் பார்ட்ஸ் கடைக்குக் கையோடு கொண்டுபோய், அதே தடிப்பில் ஆணியும் பித்தளைப் புஷ்ஷும் வாங்குங்கள். சில வாகனங்களில் ஆணி தனியாகக் கழலாது, பிணைச்சலையே மாற்ற வேண்டும்.

கடைசியாகக் கொக்கியைப் பழைய குறியில் பூட்டி, பிணைச்சலுக்குக் கிறீஸ் வையுங்கள். ஒரு வாரம் தோட்டத்து ரோட்டில் ஓடிய பிறகு அந்தப் போல்ட்களை மறுபடியும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.