பிபிஆர்எஸ் வைப்புக்கு என்ன கிடைக்கும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்தோனேசியாவின் சிற்றூர்களில் பிபிஆர்எஸ் எனப்படும் சின்ன இஸ்லாமிய வங்கிகள் உண்டு. முதல் சில வங்கிகள் 1991-இல் பண்டுங் பகுதியில் தொடங்கின. இங்கே தவணை வைப்பு போட்டால் வட்டி கிடையாது. முழாரபா ஒப்பந்தப்படி வருமானத்தில் பங்கு. வாடிக்கையாளருக்கு 60, வங்கிக்கு 40 என்பது போன்ற அந்த விகிதத்துக்கு நிஸ்பா என்று பெயர். அந்த 60-ஐ மட்டும் பார்த்து வங்கியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதில் 60 என்பதுதான் விஷயம்.

படி 1: ஆயிரத்துக்கு எவ்வளவு?

ஒரு வங்கியில் வைப்பாளர்கள் பணம் 2,000 கோடி ரூபியா, அதற்கு இந்த மாதம் வந்த வருமானம் 20 கோடி என்று வைத்துக்கொள்வோம் (கற்பனைக் கணக்குதான்). அதாவது ஆயிரம் ரூபியாவுக்கு 10 ரூபியா. நீங்கள் 1 கோடி போட்டிருந்தால் உங்கள் பணம் ஈட்டியது 1,00,000. நிஸ்பா 60 என்றால் கைக்கு 60,000. அதில் 20 சதவீதம் வரி போக 48,000.

பக்கத்து வங்கி 65 தருகிறது. ஆனால் அங்கே ஆயிரத்துக்கு 8 ரூபியாதான் வருமானம். 80,000-இல் 65 சதவீதம், 52,000. வரிக்கு முன்பே 8,000 குறைவு.

படி 2: அந்த 10 ஏன் 8 ஆகிறது?

முதல் காரணம், சும்மா கிடக்கும் பணம். வைப்பு குவிந்தும் நிதி கேட்டு ஆள் வராவிட்டால், அதே வருமானத்தை அதிகம் பேர் பங்கு போட வேண்டியதுதான்.

இரண்டாவது வாராக்கடன். என் பார்வையில் இதற்குத்தான் முதல் இடம். இந்த வங்கிகள் பெரும்பாலும் முராபஹா முறையில்தான் நிதி தருகின்றன: பொருளை வாங்கி, லாபம் சேர்த்து, தவணைக்கு விற்பது. லாபம் முன்கூட்டியே முடிவாகிவிடுவதால் வருமானம் திடீரென ஏற வழியில்லை, இறங்கத்தான் வழி. பங்கு பிரிப்பதோ உண்மையில் கைக்கு வந்த பணத்தை வைத்து. இஸ்லாமிய நிதிக்கு நெறி சொல்லும் தேசிய ஷரியா சபையின் 2000-ஆம் ஆண்டு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அப்படித்தான் சொல்கிறது. சந்தையில் கடை வைத்திருப்பவர் இந்த மாதத் தவணையைக் கட்டாவிட்டால், அந்த லாபம் ஏட்டில் இருந்தாலும் உங்கள் பங்கில் சேராது.

வங்கியின் செலவு? அதே ஆண்டு வந்த இன்னொரு ஃபத்வா, செலவு கழித்த லாபத்தைவிட வருமானத்தைப் பங்கிடுவதே மேல் என்கிறது. அப்படிச் செய்யும் வங்கியில் செலவு உங்கள் பங்கை நேராகத் தொடாது. ஆனால் சம்பளமும் வாடகையும் அதிகமுள்ள வங்கி நிஸ்பாவிலேயே கை வைத்துவிடும்.

படி 3: எங்கே பார்ப்பது?

நிதி மேற்பார்வை அமைப்பான ஓஜேகே-யின் தளத்தில் வங்கிகளின் காலாண்டு அறிக்கைகள் கிடைக்கும். வாராக்கடன் விகிதத்தையும், வைப்பில் எவ்வளவு நிதியாக வெளியே போயிருக்கிறது என்பதையும் பாருங்கள். வைப்புகளுக்கு உறுதி தரும் அமைப்பான எல்பிஎஸ்-ஸின் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 200 கோடி ரூபியா வரை உண்டு. சரி, அது பெரும்பாலானவர்களுக்குத் தாராளம்.

அப்புறம், கடந்த 12 மாதங்களில் உண்மையில் கொடுத்த பங்கு எத்தனை சதவீதம் என்று கிளையில் கேளுங்கள். கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு. மாதாமாதம் ஒரே எண் வந்தால், மற்ற வங்கிகளின் வட்டிக்கு ஈடுகொடுக்கத் வங்கி தன் பங்கை விட்டுக்கொடுக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.