ப்ரெசென்ட்: ஸ்பெல்லிங் ஒண்ணு, பிரிக்கிற இடம் ரெண்டு

அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "ப்ரெசென்ட் சார்"னு சொல்லியே வளர்ந்தவங்க நாம. ஆனா அந்த வார்த்தையை வரி கடைசியில எங்க பிரிக்கணும்னு கேட்டா நிறைய பேர் முழிப்பாங்க, ஏன்னா அதுக்கு பதில் ரெண்டு இருக்கு. பேப்பர், பேனா எடுத்துக்கோங்க, பண்ணியே பாத்துடலாம்.

முதல்ல சிலபிள், அதாவது வார்த்தையை சொல்றப்போ வர்ற ஓசைத் துண்டுகளை எண்ணணும். தாடைக்கு அடியில புறங்கையை வெச்சு மெதுவா சொல்லுங்க, தாடை எத்தனை தடவை கீழ இறங்குதோ அத்தனை சிலபிள். இதுக்கு ரெண்டு. யாப்புல படிச்ச அசைதான் சிலபிள்னு மட்டும் நெனச்சுடாதீங்க. 'மழை' நமக்கு நிரை, ஒரே அசை, ஆனா சிலபிள் கணக்குல ம, ழைன்னு ரெண்டு வந்துடும்.

அடுத்தது அழுத்தம். இங்கதான் எல்லாமே இருக்கு, அவசரப்படாம நாலு தடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க. பரிசு, ஆஜர், இப்போ நடக்கிற காலம், இந்த அர்த்தம்லாம் வந்தா முதல் பாதி கனமா விழும், பின்பாதியை பாதி முழுங்கிடுவோம், 'ப்ரெஸ்ன்ட்'. அதுவே விருது வழங்குறது, மீட்டிங்ல ஒரு விஷயத்தை எடுத்து வைக்கிறதுன்னு வினையா வந்தா 'ப்ரிசென்ட்', கனம் பின்னாடி போயிடும். நடுவுல வர்ற எஸ் ரெண்டுலயுமே பாம்பு சீறுற மாதிரி வராது, வண்டு ரீங்காரம் மாதிரி வரும், தொண்டையில விரல் வெச்சா அதிர்றது தெரியும்.

இப்போ பிரிக்கலாம். அழுத்தி சொல்ற குறில் ஓசை அடுத்து வர்ற மெய்யை தன்கூடவே பிடிச்சு வெச்சுக்கும். அதனால பரிசுன்னா பி-ஆர்-ஈ-எஸ் மேல் வரியில, கோடு போட்டு ஈ-என்-டி கீழ. வழங்குறதுன்னா பி-ஆர்-ஈ யோட வெட்டிடணும், எஸ் கீழ இறங்கிடும். மெரியம் வெப்ஸ்டர் டிக்‌ஷனரியில ரெண்டையும் தனித்தனியா புள்ளி வெச்சே காட்டியிருப்பாங்க.

கம்ப்யூட்டருக்கும் இது கஷ்டம்தான். கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் கனூத் புத்தகங்களை அச்சுக்கு அழகா அமைக்க எழுதின டெக் சாஃப்ட்வேர்ல, ஃப்ராங்க் லியாங் 1983ல ஸ்டான்ஃபோர்ட்ல முடிச்ச ஆராய்ச்சியோட முறையிலதான் வார்த்தைகளை பிரிக்குது, ஆனா எழுத்து வரிசையை மட்டும் பாக்குற அதுக்கு எந்த அர்த்தத்துல எழுதியிருக்கோம்னு எப்படி தெரியும்? அதனால கூட வர்ற 14 வார்த்தை விதிவிலக்கு லிஸ்ட்ல இதையும் 'ப்ராஜெக்ட்'டையும் பிரிக்கவே கூடாதுன்னு போட்டுட்டாங்க. உங்களுக்கும் சந்தேகம் வந்தா முழு வார்த்தையையும் அடுத்த வரிக்கு தள்ளிடுங்க, யாரும் தப்புன்னு சொல்ல முடியாது.

இவ்ளோ அர்த்தம் எப்படின்னா, லத்தீன்ல 'முன்னால இருக்கிறது'ங்கிறதுதான் வேர். ஆள் முன்னால இருந்தா ஆஜர், காலம் முன்னால இருந்தா நிகழ்காலம், ஒருத்தர் முன்னால கொண்டுபோய் வெச்சா பரிசு. இப்படி சேர்த்து பிடிச்சுக்கிட்டா மறக்கவே மறக்காது.

அடுத்து 'ரெக்கார்ட்' எடுத்து நீங்களே பிரிச்சுப் பாருங்க. பெயர்ச்சொல்லா வந்தா சி மேல் வரியில நிக்கும், பதிவு பண்றதுன்னு வினையா வந்தா கீழ வந்துடும்.