பத்து நாள் பிந்தி வரும் மடல்: சொந்தமாகச் செய்திமடல் தொடங்குவது எப்படி?

மின்னஞ்சலில் அனுப்பும் செய்திமடலுக்கான கணக்கைத் திறக்க அரைமணி நேரம் போதும். ஐந்தாவது இதழில் என்ன எழுதுவது என்ற கேள்விதான் பலரை நிறுத்திவிடுகிறது. கருத்துகள், நடப்பு விவகாரங்கள், பண்பாடு என்று பரந்த பரப்பில் எழுத விரும்புகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். எதையும் எழுதலாம் என்றால் எதில் தொடங்குவது என்றே தெரியாது. ஆகவே இந்த விளக்கத்தில் மென்பொருள் நான்காவது படியில்தான் வரும்.

1. ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"அரசியல், சமூகம், பண்பாடு" என்பது யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளக்கூடிய பெயர்ப்பலகை. அதற்குப் பதிலாக, உங்களை விடாமல் துரத்தும் ஒரு கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "அரசின் திட்டங்கள் வீட்டுக்குள் எதை மாற்றுகின்றன?" என்பது ஒரு கேள்வி. "நம் ஊர்களில் பொது இடங்கள் யாருக்காக இருக்கின்றன?" என்பது இன்னொன்று. அதன் கீழே பத்து இதழ்களுக்கான தலைப்புகளை எழுதிப் பாருங்கள். ஆறாவதிலேயே பேனா நின்றுவிட்டால் கேள்வி மிகவும் குறுகலாக இருக்கிறது, அல்லது அதில் உங்களுக்கே உண்மையான ஆர்வம் இல்லை. இரண்டில் எதுவானாலும் வேறு கேள்வியைத் தேடுங்கள்.

2. வேண்டுமென்றே பிந்துங்கள்

காலையில் நடந்ததற்கு மாலையில் கருத்துச் சொல்லத் தொலைக்காட்சி விவாதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் முன்னதாக வாட்ஸ்அப் குழுக்கள் தீர்ப்பு எழுதி முடித்திருக்கும். தனி ஆளாக அந்த ஓட்டத்தில் கலந்துகொள்வது வீண். பத்து நாள் கழித்து வாருங்கள். அதற்குள் சத்தம் அடங்கியிருக்கும், அரசாணை கைக்குக் கிடைத்திருக்கும், மறுப்புகளும் திருத்தங்களும் வந்திருக்கும். தனிநபர் மடலுக்கு இருக்கும் ஒரே பெரிய வசதி இந்த அவகாசம்தான்.

மாதம் இருமுறை என்பது தொடக்கத்துக்குச் சரியான அளவு. வேலைக்கும் போய்க்கொண்டு வாரம் ஒன்று எழுதுவது எளிதல்ல.

3. மூன்று இதழ்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

இந்தப் படிதான் உண்மையான வேலை. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம்: தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமில்லாமல் பயணம் செய்கிறார்கள். இதைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கும். அதை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். படிப்பவருக்கும் புதிதாக எதுவும் கிடைக்காது.

முதலில் மூல ஆவணத்துக்குப் போங்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கைகள், அதாவது துறைகளின் செலவுக்கான பணக் கோரிக்கைகள், விவாதத்துக்கு வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வைக்கிறது. தமிழிலும் வெளியாகும் இந்தக் குறிப்புகள் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போக்குவரத்துத் துறையின் குறிப்புகளை ஆண்டு வாரியாக அருகருகே வைத்துப் படித்தாலே எது கூடியது, எது பேசப்படாமல் போனது என்பது தெரியவரும். அடுத்து, மற்ற மாநிலங்களைப் பாருங்கள். டெல்லி 2019 அக்டோபரிலேயே இதைத் தொடங்கிவிட்டது. 2023 ஜூனில் தொடங்கிய கர்நாடகத்தின் சக்தி திட்டம் மாநிலத்துக்குள் ஓடும் தொலைதூரப் பேருந்துகள் பலவற்றுக்கும் பொருந்தும். நகரப் பேருந்தில் மட்டும் சலுகை கொடுத்தால் எந்தப் பயணம் கூடும், எந்தப் பயணம் அப்படியே இருக்கும்? இப்போது உங்களிடம் கருத்துக்குப் பதிலாக ஒரு கேள்வி இருக்கிறது.

பிறகு உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாலை நில்லுங்கள். யார் ஏறுகிறார்கள், எதைச் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள், சாதாரணப் பேருந்துக்காக எத்தனை பேர் சொகுசுப் பேருந்துகளை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பண்பாடு பற்றி எழுதுவதற்கு இலக்கிய விழாவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

இணையத்தில் கிடைக்காத தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்; பதிலளிக்க 30 நாள் அவகாசம். நாளிதழ் நிருபருக்கு அது நீண்ட காலம். பிந்தி வர முடிவெடுத்த உங்களுக்கு அப்படியில்லை. பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டு. ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் இணைய ஆவணகம் உண்டு. பிறர் எழுத்தை நீளமாக மேற்கோள் காட்ட விரும்பினால், நாட்டுடைமையாக்கப்பட்ட படைப்பா என்று பாருங்கள். அப்படியென்றால் தயக்கமே வேண்டாம். மற்றவற்றில் விமர்சனத்துக்குத் தேவையான சில வரிகளோடு நிறுத்திக்கொண்டு, எழுதியவர் பெயரையும் குறிப்பிடுங்கள்.

4. கணக்கைத் திறங்கள்

புதியவர்களுக்கு என் பரிந்துரை, செய்திமடல் எழுதி அனுப்ப உதவும் சப்ஸ்டாக் என்ற இணையத்தளம். எழுதவும் அனுப்பவும் காசில்லை. சந்தா வசூலித்தால் மட்டும் அதில் 10 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான கோஸ்ட் அப்படிப் பங்கு கேட்பதில்லை. ஆனால் அதற்குச் சொந்த சர்வர் வேண்டும், இல்லையென்றால் மாதக் கட்டணம். கணினி வேலை தெரிந்தவர்கள் அங்கே போகலாம்.

முகவரியை ஆங்கில எழுத்துகளில் அமைக்க வேண்டியிருக்கும். ழகரம் வரும் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தட்டச்சு செய்வார்கள் என்பதால் முகவரியில் அதைத் தவிர்த்துவிடுங்கள். புதிய சந்தாதாரர்களுக்குத் தானாகவே போகும் வரவேற்பு மடல் முதலில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதை அழித்துவிட்டு, யார் எழுதுகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதைத் தமிழில் நான்கு வரிகளில் சொல்லுங்கள்.

5. மடலின் எடையைக் கவனியுங்கள்

தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிட்டு, மீதியைப் பார்க்க ஓர் இணைப்பை மட்டும் காட்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால், இன்றைய பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் எழுத்துக்கும், அதோடு சேரும் கொம்பு, புள்ளி போன்ற குறிக்கும் தனித்தனியே மூன்று பைட். "தமிழ்" என்ற சொல் மட்டுமே 15 பைட் பிடிக்கும். வடிவமைப்புக்கான நிரல்வரிகளும் சேரும்போது நம் மடல்கள் சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும். வெட்டுப்பட்டால் அடியில் இருக்கும் சந்தா விலக்கும் இணைப்பும் மறைந்துபோகும்; விலக வழி தெரியாதவர் கோபத்தில் ஸ்பேம் என்று குறித்துவிடுவார். 1,500 சொற்களுக்குள் நிறுத்திக்கொண்டால் கவலை இல்லை.

6. முதல் வாசகர்கள்

கைப்பேசியில் இருக்கும் முகவரிகளையெல்லாம் அள்ளிப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். தெரிந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: "இப்படி ஒன்று தொடங்குகிறேன், அனுப்பலாமா?" சம்மதித்தவர்கள் மட்டும் போதும். இருபது பேர் என்றாலும் அவர்கள் படிப்பார்கள்.

7. அனுப்புவதற்கு முன்

உங்களுக்கே ஒரு சோதனை மடல் அனுப்பி, கைப்பேசியில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துகள் அகலமானவை. தலைப்பில் முதல் நான்கைந்து சொற்களுக்குமேல் திரையில் தெரியாது. "இதழ் 1", "வணக்கம்" என்றெல்லாம் தொடங்கி அந்த இடத்தை வீணாக்க வேண்டாம். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பகுதி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இப்போதே கண்ணில் படும்.

8. அனுப்பிய பிறகு

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம். 2021இல் வந்த ஒரு தனியுரிமை வசதியால், ஆப்பிள் மெயில் பயன்படுத்துகிறவர்கள் மடலைத் திறக்காவிட்டாலும் திறந்ததாகக் கணக்கில் ஏறக்கூடும். வரும் பதில்களைப் பாருங்கள். தவறு சுட்டிக்காட்டி யாராவது எழுதினால், அடுத்த இதழின் தலைப்பகுதியிலேயே திருத்தத்தைப் போடுங்கள்.

கட்டணச் சந்தாவைப் பத்து இதழ்கள் தாண்டிய பிறகு யோசிக்கலாம். அதற்கு முன், நீங்கள் வசிக்கும் நாட்டில் அந்தத் தளத்தின் வழியாகப் பணம் பெற முடியுமா என்று விசாரித்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை சந்தாதாரர் பட்டியலைத் தரவிறக்கி வையுங்கள். நாளைக்கே தளம் மூடப்பட்டாலும், விதிகளை மாற்றினாலும், அந்தக் கோப்போடு வேறிடம் போய்விடலாம். சப்ஸ்டாக்கில் உங்களைப் பின்தொடர்பவர்கள் வேறு, மின்னஞ்சல் கொடுத்த சந்தாதாரர்கள் வேறு. முன்னவர்களின் முகவரி உங்களுக்குக் கிடைக்காது. கோப்பில் இருப்பவை பிறருடைய மின்னஞ்சல் முகவரிகள் என்பதால் அலுவலகக் கணினியிலோ குடும்பத்தில் எல்லோரும் பயன்படுத்தும் கணினியிலோ அதைப் போட்டு வைக்காதீர்கள்.