உதிரிப் பாகங்களிலிருந்து முதல் கணினி: காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு

பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தாமே ஒரு மேசைக் கணினியை அமைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்த பிராசசர் (கணினியின் மூளையான சில்லு) வாங்குவது என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்கள் அதற்கு முன்பாகச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று துளை இருப்பதாலேயே மேல் துளைக்குப் பின்னால் எர்த் கம்பி வந்து சேர்ந்திருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. எர்த் இல்லாத பாயிண்டில் கணினியைச் செருகினால், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கணினிப் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைத்திருக்கும் சிறிய கெபாசிட்டர்களின் வழியாக, 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி கேபினட் (கணினியின் வெளிப்பெட்டி) தகட்டில் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அது ஆளைத் தூக்கி அடிக்காது. புறங்கையால் தகட்டை மெல்லத் தடவினால் சுருசுருவென்று ஓர் உணர்வு மட்டும் தெரியும். அந்த நிலையில் மானிட்டர் கேபிளையோ பிரிண்டரையோ இணைப்பது போர்ட்டுகளுக்கு ஆபத்து. ஆகவே எலக்ட்ரீஷியனை அழைத்து, பேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) எர்த்துக்கும் இடையிலான வோல்டேஜ், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலானதற்கு ஏறத்தாழச் சமமாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி இடி மழையையும் மின்வெட்டையும் எண்ணி, மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் கணினியை ஓட்டும் யுபிஎஸ் ஒன்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவே தரும் என்பதால், திரைப் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டைத் தனியே வைக்கிறவர்கள் அதைவிடப் பெரியதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா என்று காகிதத்தில் எழுதிப் பார்க்கும் வேலை. பிராசசரும் மதர்போர்டும் (எல்லாப் பாகங்களும் இணையும் பலகை) ஒரே சாக்கெட்டைச் (பிராசசர் உட்காரும் இடம்) சேர்ந்தவையாக இருக்க வேண்டும், ரேம் அந்த போர்டு ஏற்கும் வகையாக இருக்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4 ரேமையும், ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ரேமையும் மட்டுமே ஏற்கும். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இரு வகைக்கும் போர்டுகள் உண்டு, ஆனால் ஒரு போர்டு பொதுவாக ஒரு வகையையே ஏற்கும். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. அலுவலகக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, சிறிய அளவில் படம் திருத்துதல் ஆகியவற்றுக்கு உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசரும், 16 ஜிபி ரேமும், 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டியும் (மதர்போர்டிலேயே செருகும் சேமிப்பகம்) போதும். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினட்டுடன் இலவசமாக வருவதை விட்டுவிட்டு, மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள 450 அல்லது 550 வாட் ஒன்றைத் தனியே வாங்குங்கள். சித்திரை வெயிலையும் வளவு (வீட்டின் நடு முற்றம்) வழியாக வரும் தூசியையும் கருதி, முன்பக்கம் வலையும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள கேபினட்டாகப் பாருங்கள். மதுரையில் வாங்கினாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஜிஎஸ்டி பில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

பொருத்தும் வேலையை வளவில் வைத்துக்கொள்ளாமல், காற்றில் தூசி வராத உள்ளறையில் நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கம்பளம் இல்லாதது நல்லது. உராய்வு மின்சாரம் சேர்வது குறையும். ஆயினும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினட்டில் திருகி, எர்த் உள்ள பாயிண்டில் செருகி, சுவர் சுவிட்சையும் எஸ்எம்பிஎஸ் சுவிட்சையும் அணைத்து வைத்துவிட்டு, அவ்வப்போது கேபினட்டின் பெயின்ட் இல்லாத தகட்டைத் தொட்டுக்கொள்ளுங்கள். சுவிட்ச் பேஸை மட்டுமே துண்டிக்கும், எர்த் இணைந்தே இருக்கும் என்பதால் உடம்பில் சேர்ந்த மின்னேற்றம் அதன் வழியே இறங்கிவிடும்.

மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் ஆகியவற்றை முதலில் மாட்டுங்கள். முழு வேலையிலும் நிதானம் மிகவும் தேவைப்படும் இடம் பிராசசர்தான். சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி, பிராசசரின் மூலையில் உள்ள சிறிய முக்கோணத்தை சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு பொருத்தி, ஓரங்களை மட்டும் பிடித்துக் கீழே விடுங்கள். அது தன் எடையிலேயே உட்கார வேண்டும், விரலால் அழுத்தவே கூடாது. இன்டெலிலும் ஏஎம்5-லும் மெல்லிய ஊசிகள் போர்டில் இருக்கின்றன; அவற்றில் ஒன்று வளைந்தாலும் போர்டு பயனற்றுப் போகலாம். பிராசசர் சரியாக உட்கார்ந்த பிறகு நெம்புகோலை இறக்கும்போது கை சற்றுக் கடினமாகவே உணரும், அது இயல்பு. ரேமுக்கோ நேர்மாறாக, இரு முனையும் டக்கென்று பூட்டும் வரை அழுத்த வேண்டும். நான்கு இடங்கள் உள்ள போர்டில் இரண்டு ரேம்களையும் பொதுவாக பிராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது இடங்களில் போடுவார்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு, வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே தடவியில்லை என்றால் பட்டாணி அளவு வைத்து, திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

பிறகு போர்டைக் கேபினட்டுக்குள் இறக்கும் முன், போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் பித்தளைத் தாங்கிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேவையற்ற இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கேபிளோடு, பிராசசருக்கு அருகில் செருக வேண்டிய 8 பின் கேபிளையும் மறக்காதீர்கள். பவர் பட்டனின் மெல்லிய கம்பிகளுக்கு மட்டும் போர்டின் கையேட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

முதன்முறை ஆன் செய்யும்போது, குறிப்பாக ஏஎம்5 போர்டுகளில், ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். பதறி அணைத்துவிட வேண்டாம். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும். பயாஸ் (மதர்போர்டின் அமைப்புத் திரை) திறந்ததும் ரேமின் முழு அளவும் தெரிகிறதா, பிராசசர் வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். வேலை எதுவும் செய்யாமலே வெப்பம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டு போனால் உடனே அணைத்து, கூலரைக் கழற்றி, அந்தப் பிளாஸ்டிக் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கி ரேமுக்கு அதன் உரிய வேகத்தைக் கொடுத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து விண்டோஸையோ லினக்ஸையோ நிறுவத் தொடங்கலாம்.