சாகச விளையாட்டுத் துறையில் ஊடக இன்டர்ன்ஷிப்: எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

பனிச்சறுக்கு, பாறையேற்றம், அலைச்சறுக்கு, கயாக், மலைப்பாதை ஓட்டம், மலை சைக்கிள் என்று சாகச விளையாட்டுகளைச் சுற்றி ஓர் ஊடகத் தொழிலே இயங்கிக்கொண்டிருக்கிறது. புகைப்படக்காரர்கள், படத்தொகுப்பாளர்கள், எழுத்தாளர்கள், வடிவமைப்பாளர்கள், சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோருக்கும் அதில் வேலை உண்டு. புதியவர்கள் நுழையும் வாசல் பெரும்பாலும் இன்டர்ன்ஷிப்தான். ஆனால் தேடுகிறவர்களில் பலர் தங்களுக்குத் தெரிந்த நான்கு பெரிய பிராண்டுகளின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்புகிறார்கள், பதில் வராமல் சோர்ந்துபோகிறார்கள். அந்தப் பக்கங்களில் அறிவிக்கப்படும் இடங்கள் மிகக் குறைவு, போட்டியோ மிக அதிகம். இந்தத் துறையில் முடிக்க ஆளில்லாமல் தேங்கிக் கிடக்கும் வேலைகள் வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வேலை உண்மையில் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கயிற்றில் தொங்கியபடி கேமராவைப் பிடித்திருப்பவர் ஒருவர் என்றால், அவர் எடுத்துவரும் கோப்புகளோடு மேசையில் மல்லுக்கட்டுபவர்கள் பலர். இன்டர்ன் உட்காரும் இடம் அந்த மேசைதான். ஒரு நாள் படப்பிடிப்பில் சேரும் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து தேறியவற்றைப் பொறுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வீரர் பெயர், இடம், அணிந்திருக்கும் பொருளின் பெயர், தேடுசொற்கள் சேர்க்க வேண்டும். அகலவாக்கில் எடுத்த 16:9 காணொளியைக் கைப்பேசிக்காக 9:16 வடிவில் மறுபடி வெட்ட வேண்டும். வசன வரிகள் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சேமிப்புகளில், ஒன்றை வேறொரு கட்டடத்தில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். கிழமைதோறும் செய்திமடல் எழுத வேண்டும்.

இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது என்பது என் கருத்து. "நான் நன்றாகப் படம் எடுப்பேன்" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். வேகமாகத் தொகுக்கத் தெரிந்தவர், பிழையில்லாமல் குறிப்பு எழுதத் தெரிந்தவர், கோப்புகளை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவர் கிடைப்பதுதான் அரிது. மேசைத் திறன் ஒன்றையாவது முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே தொடக்கத்துக்குத் தாராளம்.

இரண்டாம் படி: யார் கதவைத் தட்டுவது

ஆடை, கருவி தயாரிக்கும் நிறுவனங்கள்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். பெட்டகோனியா, தி நார்த் ஃபேஸ் போன்றவை தங்கள் படங்களுக்கும் குறும்படங்களுக்கும் பெரும்பாலும் பழகிய வெளிப் புகைப்படக்காரர்களையும் இயக்குநர்களையும் நம்பியிருக்கின்றன. எனவே நிறுவனத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் குறும்படம் ஒன்றைக் கடைசி வரை ஓடவிட்டுப் பெயர்ப்பட்டியலைப் படியுங்கள். தயாரிப்பு நிறுவனம், படத்தொகுப்பாளர், வண்ணச் சீர்மை செய்தவர், உதவியாளர் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். அந்தத் தயாரிப்பு நிறுவனம் ஐந்தாறு பேர் மட்டுமே வேலை செய்யும் சிறிய இடமாக இருக்கக்கூடும். அங்கே வேலைவாய்ப்புப் பக்கமே இருக்காது, ஆனால் வேலை மலைபோல் குவிந்திருக்கும். பத்துப் படங்களின் பெயர்ப்பட்டியலை ஒரு அட்டவணையில் எழுதிவைத்தால் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் தெரியத் தொடங்கும். அதுதான் உங்கள் முதல் முகவரிப் பட்டியல். எந்த வேலைவாய்ப்புத் தளமும் இதைவிட நல்ல பட்டியலைத் தராது.

ஊடக நிறுவனங்கள் அடுத்த வகை. 1977இல் தொடங்கிய அவுட்சைட் இதழ், 1995இல் பனிச்சறுக்குப் படங்களோடு தொடங்கிய டீட்டன் கிராவிட்டி ரிசர்ச், 2007இல் உருவான ரெட் புல் மீடியா ஹவுஸ் ஆகியவை இவ்வகையின் பெரிய பெயர்கள். இங்கே எழுத்தும் எடிட்டிங்கும் தெரிந்தவர்களுக்கு மதிப்பு அதிகம். தகவல் சரிபார்க்கத் தெரிந்தால் இன்னும் நல்லது.

மலைத் திரைப்பட விழாக்களைப் பலர் கவனிப்பதே இல்லை. இத்தாலியின் டிரெண்டோ விழா 1952 முதல் நடக்கிறது. கனடாவின் பான்ஃப் விழா 1976இல் தொடங்கியது, அதன் தேர்ந்தெடுத்த படங்கள் பிறகு பல நாடுகளுக்குச் சுற்றுப்பயணம் போகின்றன. அமெரிக்காவின் டெல்லுரைடு நகரில் நடக்கும் மவுண்டன்ஃபிலிம் 1979இல் தொடங்கியது. இங்கிலாந்தின் கெண்டல் விழா நவம்பரில் நடக்கும். இத்தகைய விழாக்களுக்குத் தன்னார்வலர்களும் குறுகிய காலப் பணியாளர்களும் தேவைப்படுகிறார்கள். படப்பிரதிகளைச் சரிபார்ப்பது, அறிமுகக் குறிப்பு எழுதுவது, இயக்குநர்களை மேடைக்கு அழைத்துப்போவது போன்ற சாதாரண வேலைகள்தான். ஆனால் நீங்கள் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்கும் ஆட்கள் பலர் அந்த ஒரு வாரம் அங்கே தேநீர் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

தொண்டு அமைப்புகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறையேற்றத் தலங்களைத் திறந்து வைத்திருக்கப் போராடும் ஆக்சஸ் ஃபண்ட், பருவநிலை மாற்றம் குறித்துப் பனிச்சறுக்கு வீரர் ஜெரமி ஜோன்ஸ் தொடங்கிய புரொடெக்ட் அவர் வின்டர்ஸ் போன்றவை இவ்வகை. இப்படிப்பட்ட அமைப்புகளில் ஊடகக் குழு சிறியதாகவே இருக்கும், அதனால் இன்டர்னின் கைக்கு முழுப் பொறுப்பு வரும். விளையாட்டுச் சம்மேளனங்கள், பனிச்சறுக்கு விடுதிகள், ஓட்டப் போட்டி அமைப்பாளர்கள், படகுப் பயண வழிகாட்டி நிறுவனங்கள், உள்ளரங்கப் பாறையேற்றக் கூடங்கள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

வேலைவாய்ப்புத் தளங்களில் மலாக்கி என்பது இந்தத் துறைக்கென்றே இருப்பது. கூல்ஒர்க்ஸ் தளத்தில் பூங்காக்கள், விடுதிகளின் பருவகால வேலைகள் வரும். லிங்க்ட்இன் இருக்கவே இருக்கிறது. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

மூன்றாம் படி: பருவத்தைப் பார்த்து விண்ணப்பியுங்கள்

நல்ல விண்ணப்பங்கள் தோற்பதற்குத் திறமைக் குறைவைவிடத் தவறான நேரமே பெரிய காரணம். இந்தத் துறைக்கு இரண்டு கடிகாரங்கள் உண்டு.

ஒன்று விளையாட்டின் கடிகாரம். வட அரைக்கோளத்தில் பனிச்சறுக்கு ஏறக்குறைய டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. விடுதிகள் அதற்கான ஊடகக் குழுவைக் கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் அமைக்கின்றன. டிசம்பரில் விண்ணப்பித்தால் பஸ் போய்விட்டது என்றுதான் அர்த்தம். நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினாவில் பனிக்காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை என்பதால், வடக்கே வாய்ப்புத் தவறியவர்கள் தெற்கே முயலலாம். எவரெஸ்ட் ஏற்றக் காலம் ஏப்ரல், மே. பிரான்சின் ஷாமொனியில் நடக்கும் யூடிஎம்பி என்ற மலைப்பாதை ஓட்டம் ஆகஸ்ட் இறுதி. எந்தப் போட்டியானாலும், அது நடக்கும் வாரத்தில் யாரும் உங்கள் கடிதத்தைப் படிக்க மாட்டார்கள். நான்கைந்து மாதங்களுக்கு முன்பே எழுதுங்கள்.

மற்றது பொருளின் கடிகாரம். வரும் குளிர்காலத்தில் கடைக்கு வரப்போகும் மேலங்கியின் படங்கள் பெரும்பாலும் போன குளிர்காலத்திலேயே, மாதிரி உடைகளை அணிந்து எடுக்கப்பட்டிருக்கும். ஆகவே பனி உடை நிறுவனத்தின் படத்தொகுப்பு மேசை பரபரப்பாக இருப்பது வசந்தத்திலும் கோடையிலும். வெளியே எல்லோரும் டி-சட்டையோடு திரியும்போது அங்கே பனிப் படங்களை வகைபிரித்துக்கொண்டிருப்பார்கள். இந்தத் தலைகீழ் கணக்கு தெரிந்தவர் எழுதும் கடிதம் தனியாகத் தெரியும்.

பெரிய நிறுவனங்களின் முறையான கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு முந்தைய இலையுதிர் காலத்திலிருந்து மார்ச் வரை விண்ணப்பம் வாங்குவது அமெரிக்காவில் வழக்கம். அவற்றையும் விட்டுவிட வேண்டாம், ஆனால் அவற்றை மட்டுமே நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.

நான்காம் படி: ஒரு முழு வேலையைக் காட்டுங்கள்

சூரிய அஸ்தமனம், பனிச் சிகரம், கூடாரத்துக்குள் மஞ்சள் விளக்கு. இந்த மூன்றும் இல்லாத போர்ட்ஃபோலியோவை, அதாவது படைப்புத் தொகுப்பை, பார்ப்பது கடினம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்தால் முடித்துத் தருவீர்களா என்பதை அது சொல்லாது.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு சிறிய நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். அருகில் நடக்கும் மலைப்பாதை ஓட்டம், பாறையேற்றக் கூடத்தின் போட்டி, நண்பரின் முதல் கயாக் பயணம் எதுவானாலும் சரி. அதிலிருந்து குறிப்புகளோடு 12 படங்கள், 60 விநாடிக் காணொளி, அதன் 15 விநாடிச் செங்குத்து வடிவம், 300 சொற்களில் ஒரு கட்டுரை என்று முழுத் தொகுப்பாகச் செய்யுங்கள். படங்களில் வெற்றிக் கோடு மட்டும் போதாது. காலணிக் கயிற்றைக் கட்டும் கை, நீர் ஊற்றும் தன்னார்வலர், கடைசியாக வருபவரின் முகம், வழிக்குறி, வானிலை எல்லாம் வேண்டும். ஓர் ஊடக மேலாளர் உண்மையில் தேடித் தவிப்பது இப்படிப்பட்ட இடைநிலைப் படங்களைத்தான்.

ஒவ்வொன்றின் கீழும் உங்கள் பங்கு என்ன என்று எழுதுங்கள். "ஒளிப்பதிவு நான், ஒலி வேறொருவர்" என்று நேர்மையாகச் சொன்னால் போதும். படத்தில் முகம் தெரிபவர்களிடம் எழுத்து அனுமதி வாங்கி வைத்திருப்பது நீங்கள் தொழிலை அறிந்தவர் என்று காட்டும்.

இன்னொன்று: விதியை மீறி எடுத்த ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைக்காதீர்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் டிரோன் பறக்கவிடுவதற்கு 2014 முதல் தடை இருக்கிறது. பூங்காவின் புகழ்பெற்ற முகட்டை மேலிருந்து எடுத்த ஒரு காட்சி, விவரம் தெரிந்தவரின் கண்ணில் உங்கள் விண்ணப்பத்தை அங்கேயே முடித்துவைக்கும். எளிதில் சேதமடையக்கூடிய இடங்களின் துல்லியமான இருப்பிடத்தைப் பதிவில் சேர்ப்பதையும் தவிருங்கள். கூட்டம் பெருகி இடம் பாழாவது இந்தத் துறையில் எல்லோரும் கவலைப்படும் விஷயம்.

ஐந்தாம் படி: சுருக்கமாக எழுதுங்கள், ஒரு வேலையைக் குறிப்பிடுங்கள்

"சிறுவயது முதலே இயற்கை மீது தீராத காதல்" என்று தொடங்கும் கடிதங்களை அவர்கள் வேண்டுமளவு பார்த்துவிட்டார்கள். அவர்களிடம் எது முடியாமல் கிடக்கிறது என்று கண்டுபிடித்து அதைப் பற்றி எழுதுங்கள். ஒரு மாதிரி:

"வணக்கம். நான் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவி. உங்கள் ஓட்டப் போட்டியின் கடந்த ஆண்டு முழுநீளக் காணொளியைப் பார்த்தேன். அதிலிருந்து கைப்பேசிக்கான குறுங்காணொளி எதுவும் வெளிவரவில்லை என்று கவனித்தேன். மாதிரிக்காக அதிலிருந்து 30 விநாடியில் ஒன்றைத் தொகுத்து வசன வரிகளும் சேர்த்திருக்கிறேன். உங்கள் பார்வைக்கு மட்டுமே அனுப்புகிறேன், எங்கும் வெளியிடவில்லை. வரும் போட்டிக்கு முன் 8 வாரங்கள், வாரம் 20 மணி நேரம் என்னால் ஒதுக்க முடியும். இன்டர்ன்ஷிப் வாய்ப்பு குறித்து உங்களுடன் 10 நிமிடம் பேச நேரம் கிடைக்குமா?"

இவ்வளவுதான். இணைப்பு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. பொது முகவரிக்கு அனுப்புவதைவிட, பெயர்ப்பட்டியலில் கண்ட தயாரிப்பாளருக்கோ புகைப்பட ஆசிரியருக்கோ பெயர் சொல்லி எழுதுவது மேல். பத்து நாட்கள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

ஆறாம் படி: களத்துக்குப் போகத் தகுதி தேடுங்கள்

மேசையிலிருந்து எழுந்து மலைக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு இது. படப்பிடிப்புக் குழு இன்டர்னை அழைத்துப்போகத் தயங்குவது அவர் படம் எடுக்கும் விதத்தால் அல்ல, அவரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்குமே என்பதால். காட்டுப்பகுதி முதலுதவிக்கு ஏறக்குறைய 16 மணி நேரப் பயிற்சி இரண்டு நாட்களில் முடிந்துவிடும். பனிப்பகுதி என்றால் பனிச்சரிவுப் பாதுகாப்பு, ஆறு என்றால் நீர்மீட்பு, பாறை என்றால் கயிறு கையாளுதல். இவற்றில் ஒரு சான்றிதழ், புதிய லென்ஸைவிட அதிகம் உதவும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், உதிரியை உடலோடு ஒட்டிய பையில் வைக்க வேண்டும் என்பது போன்ற நடைமுறை அறிவும் நேர்காணலில் பளிச்சென்று தெரியும்.

கேமராவுக்காக வீரரிடம் "இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் ஓரத்தில்" என்று கேட்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். எந்த ஷாட்டை வேண்டாம் என்று விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று நேர்காணலில் கேட்கப்படலாம். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

ஏழாம் படி: கையெழுத்திடும் முன் கேளுங்கள்

சம்பளம் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மலையும் கடலும் பக்கத்தில் இருக்கின்றன என்பதையே ஊதியமாகக் காட்டும் பழக்கம் இத்துறையில் உண்டு. அமெரிக்காவில் லாப நோக்குள்ள நிறுவனத்தின் ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப், அந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயன்பெறுபவர் யார் என்ற அளவுகோலால் சோதிக்கப்படுகிறது. பயன் பெரும்பாலும் நிறுவனத்துக்கே என்றால் ஊதியம் தர வேண்டியிருக்கும். வெளிநாட்டு மாணவர்களும் பட்டம் பெற்று 12 மாதங்கள் ஆகாதவர்களும் ஜே-1 விசாவின் இன்டர்ன் பிரிவில் அதிகபட்சம் 12 மாதங்கள் அங்கே பயிற்சி பெறலாம், ஆனால் அதற்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றின் ஆதரவு வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து உதவுமாறு யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எடுக்கும் படங்களின் உரிமை யாருக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பணியாளராகச் செய்யும் வேலையின் உரிமை பொதுவாக நிறுவனத்துக்கே போகும். அதைப் பேசி மாற்றுவது கடினம். ஆனால் குறிப்பிட்ட சில படைப்புகளை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதி உண்டு, வெளியாகும் இடத்தில் உங்கள் பெயர் வரும் என்ற இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொன்னால் பலர் மறுக்க மாட்டார்கள். சொந்தக் கேமராவைப் பயன்படுத்தச் சொன்னால், அது உடைந்தால் செலவு யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள். ஆற்றில் விழுந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்குவது இரு தரப்புக்கும் சங்கடம்.

இடம் இல்லை என்று பதில் வந்தால், அடுத்த பருவத்துக்கான ஆட்களை எந்த மாதத்தில் எடுப்பார்கள் என்று ஒரு வரியில் கேட்டு, வரும் பதிலை அட்டவணையில் அந்தப் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.