தெருமுனை ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை: புதிதாக வந்தவர்களுக்கு

ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கும் நம்மவர்கள் பலர் முதல் சில வாரங்களைக் கொன்பினி எனும் சிறு பலசரக்குக் கடைகளின் ரொட்டியிலும் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிக்காய்ச்சலிலும் ஓட்டிவிடுகிறார்கள். டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் வீடு கிடைத்தவர்களுக்கு இட்லி தோசைக்கும் வழி உண்டு. மற்றவர்கள் தங்கள் தெருவைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், வாசலில் துணித்திரை தொங்கும் சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்று அநேகமாக இருக்கும். ஷொகுடோ என்றோ தெய்ஷோகு கடை என்றோ சொல்வார்கள். பெரும்பாலும் வயதான தம்பதி நடத்துவது; ஒருவர் அடுப்படியில், மற்றவர் பரிமாற. ஆயிரம் யென்னுக்கு முன்னே பின்னே வயிறு நிறையும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, பலகையில் எழுதியிருப்பதும் வாசிக்க வராது என்பதற்காகவே பலர் அந்த வாசலை ஆண்டுக்கணக்கில் கடந்து போகிறார்கள். வீண் தயக்கம்.

நோரன் எனும் அந்தத் திரை வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது. உள்ளே எடுத்து வைத்துவிட்டால் மூடியாகிவிட்டது. மதியச் சாப்பாடு பதினொன்று, பதினொன்றரைக்குத் தொடங்கி இரண்டு மணியோடு முடியும்; பிறகு மாலை ஐந்து மணியளவில்தான் திறப்பார்கள். பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை அலுவலகக் கூட்டம் நெரியும். முதல் முறை போகிறவர் ஒன்றேகால் மணிக்குப் போவது நல்லது. அன்றைய சிறப்புச் சாப்பாடு தீர்ந்திருக்கலாம். ஆனால் உங்கள் கேள்விகளுக்குக் காதுகொடுக்கக் கடைக்காரருக்கு அப்போதுதான் நேரம் இருக்கும்.

நுழைந்ததும் ‘இரஷ்ஷாய்மசே’ என்று குரல் வரும். பதில் சொல்ல வேண்டாம், லேசாகத் தலையசைத்தால் போதும். எத்தனை பேர் என்பார்கள், விரலைக் காட்டுங்கள். தனியாகச் சாப்பிடுவதை இங்கே யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. நீளப் பலகையை ஒட்டிய நாற்காலிகள் தனியாக வருபவர்களுக்குத் தோதானவை. தண்ணீரைச் சில கடைகளில் நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காசு இல்லை. என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் ‘சுமிமாசென்’ என்று சத்தமாகவே கூப்பிடுங்கள். நீங்களாகக் கூப்பிடட்டும் என்று விட்டுவிடுவது இங்கே மரியாதை. கூப்பிடாமல் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சில கடைகளில் வாசலிலேயே டிக்கெட் இயந்திரம் நிற்கும். பழைய இயந்திரங்களில் முதலில் பணத்தைப் போட்டு, பிறகு பொத்தானை அழுத்தி, வரும் சீட்டை உள்ளே கொடுக்க வேண்டும். பல இயந்திரங்கள் ஆயிரம் யென் நோட்டை மட்டுமே வாங்கும். 2021இல் வந்த புதிய ஐந்நூறு யென் நாணயத்தையும், 2024 ஜூலையில் வந்த புதிய நோட்டுகளையும் துப்பிவிடும் இயந்திரங்கள் இன்னும் இருக்கின்றன. மாற்றுவதற்குச் செலவு அதிகம் என்று சிறுகடைக்காரர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். இயந்திரத்தோடு பழக விரும்பினால் மட்சுயா போன்ற பெரிய சங்கிலிக் கடையில் தொடங்கலாம். அங்கே திரையில் ஆங்கிலம் உண்டு. ஆனால் மட்சுயா, யோஷினோயா, சுகியா மூன்றிலும் முதன்மைப் பண்டமே மாட்டிறைச்சி போட்ட சோறு என்பதை மனத்தில் வையுங்கள்.

தெய்ஷோகு என்பது நம் அளவுச் சாப்பாடு மாதிரி. தட்டத்தில் இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் மிசோ எனும் புளித்த சோயா விழுதில் செய்த சூப், பின்னால் முக்கியப் பண்டம், ஓரத்தில் ஊறுகாயும் ஒரு சின்னக் கிண்ணத்தில் கீரையோ டோஃபுவோ. எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால், மீன் சாப்பிடுபவர்களுக்கு என் யோசனை ‘ஷியோ சாபா’. உப்பிட்டுச் சுட்ட மீன். நம் கானாங்கெளுத்தியின் உறவுதான், ஆனால் கொழுப்பு அதிகம். பாதி மீன் தோலோடு வரும். தோல் கொப்புளித்துக் கருகிய இடங்களில் எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் துருவிய வெள்ளை முள்ளங்கி ஒரு சிறு குவியல். அதன்மேல் நாலு சொட்டு சோயா சாஸ் விட்டு, மீனோடு சேர்த்து எடுக்க வேண்டும். முள்ளங்கியைத் தொடாமல் வைத்துவிட்டு மீன் திகட்டுகிறது என்று சொல்லக்கூடாது.

பிசைந்து சாப்பிட்டுப் பழகிய நமக்குச் சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. சோற்றின்மேல் சூப்பை ஊற்றுவதில்லை, சோயா சாஸையும் ஊற்றுவதில்லை. பண்டத்தில் ஒரு வாய், வெறுஞ்சோற்றில் ஒரு வாய் என்றுதான் போகும். காரம் போதவில்லையா, மேசையில் ஷிச்சிமி என்ற ஏழு பொருள் சேர்த்த மிளகாய்த் தூள் இருக்கும். அதைச் சூப்பிலோ பண்டத்திலோ தாராளமாகத் தூவலாம். சோறு குறைவாகப் போதும் என்றால் ‘கொஹான் சுகுனாமே’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; மிச்சம் வைப்பது இங்கே கண்ணை உறுத்தும். இன்னும் வேண்டும் என்றால் ‘ஒகாவாரி’. சில கடைகளில் மறுசோறு இலவசம், சிலவற்றில் சிறு தொகை.

இனி, சாப்பிடாதவற்றைப் பற்றி. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. அதைப் பெரும்பாலும் கட்சுவோபுஷியிலிருந்து எடுக்கிறார்கள். சூரை இன மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைத்துச் சீவியது அது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சம்பலில் இடிக்கும் மாசியைச் சொன்னால் உடனே விளங்கும். மிசோ சூப், முட்டைச் சுருள், கீரை, கடற்பாசிக் கறி, ஊதோன் எனும் தடித்த நூடுல்ஸின் சாறு, எல்லாவற்றிலும் இது இருக்கிறது. மீன் துண்டு கண்ணில் படாததால் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘நான் வெஜிடேரியன்’ என்று சொன்னால் கடைக்கார அம்மா அன்போடு காய்கறி வதக்கல் கொண்டுவந்து வைப்பார். அதில் பன்றித் துண்டுகள் கிடக்கும். உருளைக்கிழங்கு சாலட்டில் ஹாம், உருளைக்கிழங்கு கட்லெட்டில் கொத்துக்கறி, ஜப்பானியக் கறிச்சோற்றின் மசாலாக் கட்டியில் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு. சிலர் பன்றிக் கொழுப்பிலேயே பொரிப்பார்கள்.

ஆகவே முழுச் சைவர்களுக்கு இந்தக் கடைகள் தோதுப்படாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சோறு, மேலே மீன் சீவல் தூவாத குளிர்ந்த டோஃபு, நறுக்கிய கோஸ் என்று ஒரு வேளையைச் சமாளிக்கலாம். தினசரிக்கு உங்கள் குக்கர்தான். மாடும் பன்றியும் மட்டும் வேண்டாம் என்பவர்களுக்குச் சிக்கல் குறைவு. ஆனால் ஹம்பாகு என்ற கொத்துக்கறி வடை பெரும்பாலும் இரண்டும் கலந்தது. மாடு ‘கியூனிகு’, பன்றி ‘புதானிகு’, கோழி ‘தொரினிகு’. ‘புதானிகு வா தபேராரேமாசென்’ என்றால் பன்றி சாப்பிட முடியாது என்று பொருள். இதை ஜப்பானிய எழுத்தில் கைபேசியில் எழுதி வைத்து, உட்கார்ந்ததும் காட்டுங்கள். தட்டு வந்த பிறகு அல்ல. ஒரே அடுப்பில் சமைக்கும் கடைக்காரரிடம் இதில் அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்பதைவிட, எதைச் சாப்பிடலாம் என்று கேட்டால் அவரே விரலை வைத்துக் காட்டுவார். இஸ்லாமியர்கள் மிரின், சமையல் சாகே என்ற இரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும்; இரண்டுமே அரிசியிலிருந்து வரும் மது வகைகள். இனிப்பும் உப்புமாகக் கொதிக்க வைத்த எந்தப் பண்டத்திலும் பெரும்பாலும் இவை இருக்கும்.

சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியவில்லை என்று கூசவேண்டியதில்லை. ஸ்பூன் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள். ஆனால் இரண்டு காரியங்கள் கூடாது. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது. தகனத்துக்குப் பின் உறவினர்கள் எலும்பை எடுப்பது அப்படித்தான். சஞ்சயனம் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இடக்கை மட்டும் நமக்கு உதைக்கும். சோற்றுக் கிண்ணத்தை இடக்கையில் தூக்கிப் பிடிப்பதுதான் இங்கே ஒழுங்கு. சூப்பைக் கிண்ணத்திலிருந்தே உறிஞ்சுவார்கள்.

பணம் பெரும்பாலும் வாசலருகே. கையில் கொடுக்காமல் அங்கிருக்கும் சிறு தட்டில் வையுங்கள். சிறுகடைகள் பலவற்றில் ரொக்கம் மட்டும்தான். உட்கார்ந்து சாப்பிட்டால் வரி பத்து சதவீதம், கட்டி எடுத்துப்போனால் எட்டு. 2019 அக்டோபரிலிருந்து இப்படி. டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். கிளம்பும்போது ‘கொச்சிசோசமா தெஷ்தா’ என்று அடுப்படியைப் பார்த்துச் சொல்லுங்கள்; சாப்பாட்டுக்கு நன்றி என்று பொருள். மிச்சத்தைப் பொட்டலம் கட்டித் தரும்படி கேட்காதீர்கள். கெட்டுப்போய் ஏதாவது ஆனால் தங்கள் பொறுப்பு என்று தயங்குவார்கள்.

இதே கடை மாலையில் குடிப்பவர்களின் இடமாக மாறிவிடலாம். அப்போது நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வந்து உட்காரும். ஒதோஷி என்பார்கள், சில நூறு யென் பில்லில் ஏறும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். சின்னஞ்சிறு பழைய கடைகளில் புகைபிடிக்க அனுமதியும் இருக்கலாம். வாசலில் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். குழந்தையோடு போகிறவர்கள் மதியத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.